கடைசி மொகலாய தர்பார்

1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் தேதி, எக்காளமும் ஷெனாயும் முழங்க, அலங்கரித்த யானையின்மேல் ஏற்றப்பட்டு, ‘மொகலே ஆஸம்’ திரைப்படத்தின் சுருள்கள் பம்பாய் மராத்தா மந்திர் தியேட்டருக்கு ஊர்வலமாக வந்து சேர்ந்தபோது, கே. ஆஸிஃப் என்ற மனிதர் தமது இருபத்திரண்டாவது வயதில் கண்ட ஒரு கனவு, பதினாறு ஆண்டுகள் கடந்து, வெள்ளித்திரையில் ஏறத் தயாராக நின்றது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய் விழுங்கியதென்று கணக்கிடப்படும் அந்தப் படம், 1975இல் ‘ஷோலே’ வரும் வரையில் வசூலில் தன்னை மிஞ்ச எதையும் விடவில்லை. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சலீமுக்கும் அனார்கலிக்கும் இடையே மூண்ட காதலையும், அதைக் காட்டுவதற்காக வாரி இறைக்கப்பட்ட பணத்தையும் சொல்லி வியந்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கோ அந்தப் படத்தைப் பார்க்குந்தோறும் வேறொரு சரித்திரமே கண்முன் விரிகிறது. மொகலாய பாதுஷாக்களும், அவர்களுக்குப் பின் நவாபுகளும் சமஸ்தானாதிபதிகளும் மூன்றரை நூற்றாண்டுக் காலம் போஷித்து வளர்த்த தொழில்களும் கலைகளும், தங்கள் போஷகர்கள் எல்லோரையும் ஒரேயடியாக இழந்து திகைத்து நின்ற வேளையில், ஒரு ஸ்டூடியோவின் கூரைக்குக் கீழே கடைசி முறையாக ஒன்றுகூடி நடத்திய தர்பார் அது என்பதே என் எண்ணம்.

கதையின் ஆதாரத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. அக்பருடைய ஆட்சியை ஆண்டுவாரியாக எழுதிவைத்த அபுல் ஃபஸலின் ‘அக்பர் நாமா’விலும் சரி, சலீம் ஜஹாங்கீராகப் பட்டமேறிய பிறகு தம் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் சரி, அனார்கலி என்ற பெயர் வரவில்லை. குடிப்பழக்கத்தையும் கோபதாபங்களையும், அபுல் ஃபஸலைக் கொல்லச் செய்தது தாமேதான் என்பதையும்கூட ஒளிக்காமல் எழுதிய ஜஹாங்கீர், இளமையில் தம் நெஞ்சைப் பிளந்த ஒரு காதலை அடியோடு விட்டுவிட்டார் என்று நம்புவது கடினம். இந்தக் கதையை முதன்முதலில் ஏட்டில் ஏற்றியவர் வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கில வியாபாரி. அவுரி விற்பதற்காக 1611இல் லாகூருக்குப் போன அவர், நகருக்கு வெளியே ஒரு சமாதி எழும்பிவருவதைக் கண்டு, அது யாருடையது என்று விசாரித்ததற்கு, அக்பரின் மனைவியரில் ஒருத்தியும் இளவரசர் தானியாலின் தாயுமான ஒரு பெண், சலீமோடு சம்பந்தப்பட்டதாகச் சந்தேகித்து அக்பர் அவளை அரண்மனைச் சுவரில் உயிரோடு வைத்துப் பூசிவிட்டாரென்றும், சலீம் அரசரானதும் அவளுக்காக இந்தச் சமாதியைக் கட்டுகிறாரென்றும் ஊரார் சொன்ன வதந்தியைக் குறித்துக்கொண்டார். அந்த வதந்தியில் அவள் மாற்றாந்தாய். நாட்டியப் பெண்ணாக அவள் உருமாறியது பிற்காலத்துக் கற்பனை.

சமாதி இன்னும் இருக்கிறது. எண்கோணமாகக் கட்டி, மேலே கும்மட்டம் ஏற்றிய அந்தக் கட்டடம் ரஞ்சித் சிங்கின் காலத்தில் அவர் மகன் கரக் சிங்குக்கு வாசஸ்தலமாகவும், பின்பு சீக்கியப் படையில் சேவித்த வெஞ்சூரா என்ற இத்தாலிய தளபதிக்கு இல்லமாகவும், ஆங்கிலேயர் வந்த பிறகு கிறிஸ்தவ ஆலயமாகவும் மாறி, 1891 முதல் பஞ்சாப் சர்க்காரின் ஆவணக் காப்பகமாக விளங்கிவருகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லில் இறைவனின் 99 திருநாமங்களையும் கொடிபோல் பின்னிப் பின்னிச் செதுக்கியிருக்கும் வேலைப்பாட்டுக்கு இணையாக மொகலாயச் சிற்பத்தில் சிலவற்றையே சொல்ல முடியும். அதே கல்லில் ஒரு பாரசீக ஈரடியும், அதனருகே ‘மஜ்னூன் சலீம் அக்பர்’ என்ற கையெழுத்தும், ஹிஜ்ரி 1008, 1024 என்ற இரண்டு ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. முன்னது கி.பி. 1599ஐ ஒட்டியது, பின்னது 1615. அக்பரோ 1598இன் இறுதியிலேயே லாகூரை விட்டு நீங்கி, மறு ஆண்டு தக்கணப் படையெடுப்புக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே 1599இல் அவர் லாகூரில் இருந்து ஒருத்தியைச் சுவரில் வைத்துப் பூசியிருக்க இயலாது. சலீமின் மனைவியரில் ஒருத்தியும் இளவரசர் பர்வேஸின் தாயுமான சாஹிப் ஜமால் அந்தச் சமயத்தில்தான் காலமானாள் என்பதால், இந்தச் சமாதி அவளுடையதே என்றும், சுற்றிலும் இருந்த மாதுளைத் தோட்டத்தின் பெயரே (அனார் என்றால் மாதுளை) நாளடைவில் அதில் உறங்குபவளின் பெயராகிவிட்டது என்றும் ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அந்தக் கருத்தே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், தன்னைக் காதலால் பித்தனென்று கல்லில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு மன்னன் இருந்தான் என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை.

சலீம் தந்தையை எதிர்த்துக் கிளம்பியதும் உண்மை. அதற்குக் காரணம் பெண்ணல்ல, சிங்காதனம். அக்பருடைய ஆட்சி நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நீண்டுகொண்டே போக, முப்பது வயதைக் கடந்த மகன் பொறுமையிழந்து, 1600இல் அலகாபாத்தில் தனி தர்பார் அமைத்துக்கொண்டான். 1602இல் பீர்சிங் பந்தேலாவை ஏவித் தந்தையின் ஆப்த நண்பர் அபுல் ஃபஸலைக் கொல்வித்தான். அந்தப்புரத்து மூதாட்டியர் நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தனர். மரணப் படுக்கையில் கிடந்த அக்பர் 1605இல் தமது தலைப்பாகையையும் வாளையும் மகனுக்கே கொடுத்தார். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பிற்கால நாடகாசிரியர்கள் ஒரு கலகத்தின் வெற்றெலும்புகளுக்குக் காதல் என்ற சதையையும் ரத்தத்தையும் ஊட்டினார்கள் என்று சொல்லலாம்.

அவ்வாறு ஊட்டியவர்களில் தலையானவர் இம்தியாஸ் அலி தாஜ். லாகூர்க்காரரான அவர் 1922இல் எழுதிய ‘அனார்கலி’ என்ற உருது நாடகமே அதற்குப் பின் வந்த எல்லாப் படங்களுக்கும் ஊற்று. 1928இல் சுலோசனா நடித்த மௌனப் படம், 1935இல் அவரே நடித்த பேசும் படம், 1953இல் பீனாராய் நடித்து சி. ராமச்சந்திராவின் இசையால் நாடெங்கும் ஒலித்த ஃபில்மிஸ்தான் படம் என்று வரிசையாக அனார்கலிகள் வந்துகொண்டே இருந்தனர். நம் பக்கத்திலும் அந்தக் கதைக்கு வரவேற்புக் குறையவில்லை. 1954இல் வந்த ‘இல்லற ஜோதி’யில் சிவாஜி கணேசன் சலீமாக நின்ற நாடகக் காட்சியும், 1955இல் அஞ்சலிதேவியும் நாகேஸ்வரராவும் நடித்து ஜிக்கியின் குரலால் இன்றும் நினைக்கப்படும் ‘அனார்கலி’யும் அதற்குச் சாட்சி. ஆகவே ஆஸிஃப் எடுத்துக்கொண்டது புதுக் கதை அல்ல. எல்லோரும் அறிந்த கதையை எடுத்துக்கொண்டு, அதை யாரும் சொல்லாத அளவில் சொல்லிவிட வேண்டும் என்ற பிடிவாதம் ஒன்றே அவருடைய சொந்தச் சொத்து.

அந்தப் பிடிவாதத்துக்கு எத்தனை சோதனைகள் வந்தன! முதலில் சந்திரமோகன் அக்பராகவும் நர்கிஸ் அனார்கலியாகவும் நடிக்க, ஷிராஸ் அலி ஹக்கீம் என்பவர் பணம் போட, 1946இல் பம்பாய் டாக்கீஸில் படப்பிடிப்புத் தொடங்கியது. மறு ஆண்டு தேசம் இரண்டாயிற்று. ஹக்கீம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். 1949இல் சந்திரமோகனும் இறந்துபோனார். எடுத்தது அத்தனையும் வீண். பிறகு, கட்டடக் காண்ட்ராக்டரும் பெருந்தனவந்தருமான பார்சி பிரமுகர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி மிஸ்திரி, அக்பருடைய சரித்திரத்தில் கொண்ட ஈடுபாட்டின் காரணமாகப் பணம் போட இசைந்ததால், புதிய நடிகர்களோடு எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. இதில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அக்பராக நடித்த பிருத்விராஜ் கபூரும், சலீமாக நடித்த திலீப் குமாரும் பெஷாவரோடு பிறவித் தொடர்போ குடும்பத் தொடர்போ உடையவர்கள். மதுபாலா பிறந்தது தில்லியில் என்றாலும் அவருடைய குடும்பம் பட்டாணியர் குலத்தைச் சேர்ந்தது. கதை நடக்கும் பூமியும், கதாநாயகியின் சமாதியும், நடிகர்களின் பூர்விக வீடுகளும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட நிலையில், எல்லைக்கு இப்பால் அமர்ந்து அந்த உலகத்தை மரத்தாலும் சாந்தாலும் கண்ணாடியாலும் மறுபடி கட்டினார்கள்.

கட்டியவர்கள் யார் என்பதிலேதான் இந்தப் படத்தின் உண்மையான சரித்திரம் அடங்கியிருக்கிறது. உடைகளைத் தைக்கத் தில்லியிலிருந்து தையற்காரர்கள் வந்தனர். அவற்றின்மேல் ஜரிகைப் பூவேலை செய்யச் சூரத்திலிருந்தும் கம்பாயத்திலிருந்தும் கைதேர்ந்தவர்கள் வந்தனர். நகைகளை ஹைதராபாத் பொற்கொல்லர்கள் செய்தனர். கிரீடங்களைக் கோலாப்பூர் கம்மியர்கள் வடித்தனர். வாள், கேடயம், ஈட்டி, கவசம் முதலியவற்றை ராஜஸ்தானத்துக் கருமான்கள் அடித்தனர். பாதரட்சைகள் ஆக்ராவிலிருந்து வந்தன. இந்த ஊர்களின் பெயர்களை ஒருமுறை நிறுத்திப் படித்தால், மொகலாய சாம்ராஜ்யத்தின் தொழில் வரைபடமே கண்ணில் தெரியும். அக்பரிடம் நூற்றுக்கு மேற்பட்ட காரியாலயங்களும் தொழிற்கூடங்களும் இருந்தனவென்றும், அவை ஒவ்வொன்றும் ஒரு நகரத்துக்கு ஒப்பாக இயங்கினவென்றும் ‘அயினி அக்பரி’யில் அபுல் ஃபஸல் எழுதுகிறார். பாதுஷாவுக்கு அங்கி தைப்பவன் முதல் கத்திக்குப் பிடி போடுபவன் வரை எல்லோரும் அங்கே அரசாங்கச் சம்பளத்தில் வேலை செய்தனர். சாம்ராஜ்யம் சரிந்த பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஹைதராபாத், ஜெய்ப்பூர், கோலாப்பூர் முதலிய சிறு தர்பார்களை அண்டிப் பிழைத்தனர். 1947க்கும் 1949க்கும் இடையே அந்த சமஸ்தானங்களும் இந்திய யூனியனில் கரைந்துவிட்டன. பட்டாபிஷேகம் இல்லை, தசரா தர்பார் இல்லை, யானைக்கு முகபடாம் வேண்டுமென்று கேட்பார் இல்லை. அத்தகைய காலத்தில், கைவேலையில் ஒரு நூலிழை பிசகினாலும் திருப்பி அனுப்பும் ஒரு போஷகர் பம்பாயில் முளைத்தாரென்றால், அந்தத் தொழிலாளிகளின் மனம் எவ்வாறு பூரித்திருக்கும்!

ஷீஷ் மஹல் என்ற கண்ணாடி மாளிகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மோகன் ஸ்டூடியோவில் எம். கே. சையத் என்ற கலை இயக்குநரின் மேற்பார்வையில் 150 அடி நீளமும் 80 அடி அகலமும் 35 அடி உயரமுமாக அதை எழுப்ப இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வர்ணக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. அதை வெட்டி இழைத்துச் சுவரிலும் விதானத்திலும் பதிக்கக் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஃபிரோஸாபாத்திலிருந்து தொழிலாளிகள் வந்தனர். 15 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். அந்நாளில் முழுப் படம் ஒன்றையே அதைவிடக் குறைந்த தொகையில் எடுத்து முடித்துவிடலாம். எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது, விளக்கை ஏற்றினால் ஆயிரம் கண்ணாடிச் சில்லுகளும் ஒளியைக் காமிராவின் கண்ணுக்கே திருப்பி அடித்துப் படத்தைப் பாழாக்குகின்றன என்பது. அந்த மாளிகைக்குள் படமெடுக்க இயலாதென்று அயல்நாட்டு நிபுணர்களே கையை விரித்துவிட்டதாகக் கூறுவதுண்டு. ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் விளக்குகளை மாளிகையின்மேல் நேராகப் பாய்ச்சாமல், துணிகளிலும் பிரதிபலிப்புப் பலகைகளிலும் மோதவிட்டு, அங்கிருந்து திரும்பிவரும் மிருதுவான வெளிச்சத்தைக் கொண்டே காரியத்தைச் சாதித்தார்.

அதன் பலன் யாதெனில், தமிழ்நாட்டு ரசிகர்களும் மறக்காத அந்த ஒரு காட்சி. வசந்த விழாவில் பாதுஷாவின் எதிரே நின்று, காதலித்தவளுக்கு என்ன பயம் என்று பாடிச் சுழன்று ஆடும் அனார்கலி சட்டென்று கையை உயர்த்துகிறாள். அதே கணத்தில் விதானத்தில் பதித்த ஒவ்வொரு சில்லிலும் ஓர் அனார்கலி சுழல்கிறாள். கீழே நிற்பவளை ஓர் உத்தரவால் சிறையிலிடலாம். தலைக்கு மேலே சுழலும் அத்தனை பேரையும் என்ன செய்வதென்று அக்பரின் கண்கள் விதானத்தைத் தேடுகின்றன. இருதயத்தில் பிறவிக் கோளாறு உடைய மதுபாலாவால் வேகமான சுற்றுகளை எல்லாம் ஆடித் தீர்க்க முடியாதென்பதால், கேத்கர் என்ற சிற்பி அவருடைய முகத்தை அச்சுப்போல் வார்த்துக் கொடுக்க, அந்த முகமூடியை அணிந்து ஓர் ஆண் நர்த்தகர் சில சுழற்சிகளை ஆடினார். திரையில் பார்க்கும் நமக்கு அது தெரிவதே இல்லை.

சரித்திர மாணவன் ஒருவன் இங்கே ஆட்சேபம் எழுப்பலாம், அது நியாயமானதே. லாகூர்க் கோட்டையிலுள்ள ஷீஷ் மஹல் ஷாஜஹானுடைய காலத்தில், 1631-32இல் கட்டப்பட்டது. ஆமேர்க் கோட்டையில் இருப்பதும் அக்பருக்குப் பிற்பட்டதே. செம்மணற்கல்லை விரும்பிய அக்பருடைய மாளிகைகளில் அப்படியொரு மண்டபம் இருந்ததில்லை. கிருஷ்ண ஜயந்தியன்று அனார்கலி ஆடும் தும்ரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு லக்னோவில் தழைத்தது. அக்பருடைய ஆஸ்தானத்தில் தான்சேன் பாடியது துருபதம். பெண்கள் இரு கட்சியாகப் பிரிந்து கவாலியில் மோதுவதும் பிற்கால வழக்கம். சலீமின் தாய்க்குப் படம் தரும் ஜோதாபாய் என்ற பெயர்கூட அக்பரின் சமகால நூல்களில் இல்லை. சலீமைப் பெற்றவள் ஆமேர் அரசர் பார்மலின் மகள், மரியம்-உஸ்-ஸமானி என்ற பட்டம் பெற்றவள் என்றே அவை கூறுகின்றன. இவற்றையெல்லாம் பிழையென்று பட்டியலிட்டு ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்பரிலிருந்து கடைசி நவாபு வரை வழிவழியாகச் சேர்ந்த செல்வம் முழுவதையும் அக்பருடைய ஒரே சபையில் கொண்டுவந்து அடுக்கினார் ஆஸிஃப். 1590ஆம் ஆண்டின் லாகூரை அவர் காட்டவில்லைதான். மொகலாயர் இந்த நாட்டில் விட்டுச்சென்ற அத்தனையும் 1950களில் யார் யார் கையில் எந்த நிலையில் மிஞ்சியிருந்தது என்பதை அவர் காட்டினார். அது வேறு எந்த ஆவணத்திலும் கிடைக்காத சரித்திரம்.

இசையை எடுத்துக்கொள்வோம். தான்சேனுக்குக் குரல் கொடுக்கப் படே குலாம் அலி கானைத் தவிர வேறொருவர் கூடாதென்று ஆஸிஃப் முடிவு செய்தார். லாகூருக்கு அருகே கசூரில் பிறந்து, பாட்டியாலா கரானாவின் பெருமையாக விளங்கி, பிரிவினையால் பாகிஸ்தானில் நேர்ந்துவிட்ட வாசத்தைச் சகியாமல் இந்தியாவுக்கே திரும்பி வந்தவர் அந்த மேதை. சினிமாவுக்குப் பாட விருப்பமில்லாத அவர், ஆசாமி ஓடிப்போகட்டும் என்று பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டார். புகழ்பெற்ற பின்னணிப் பாடகர்கள் சில நூறு ரூபாய்க்குப் பாடிய காலம் அது. ஆஸிஃப் அந்தக் கணமே சம்மதித்து முன்பணத்தையும் எடுத்து நீட்டிவிட்டார். ஒலிப்பதிவின்போது உஸ்தாதுக்குப் பாவம் பிடிபடும் பொருட்டுக் காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். நிலவில் சலீமின் மடியருகே அனார்கலி சாய்ந்திருக்கிறாள். அவன் ஒரு வெள்ளை இறகால் அவளுடைய நெற்றியையும் கன்னத்தையும் மெல்ல வருடுகிறான். பேச்சு ஒன்றும் இல்லை. தொலைவில் எங்கோ தான்சேன் சோஹினி ராகம் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த இறகின் அசைவுக்குத் தக்கபடி உஸ்தாத் தம் குரலை இறக்கியும் மிருதுவாக்கியும் பாடியிருப்பதை இன்றைக்குக் கேட்டாலும் உணரலாம். நம் நாட்டுத் திரையில் சிருங்கார ரசம் இதற்குமேல் போனதில்லை என்பது என் துணிந்த அபிப்பிராயம். அந்நாளில் திலீப் குமாரும் மதுபாலாவும் தங்கள் சொந்தக் காதல் முறிந்து, நேரில் பேசிக்கொள்வதையே விட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இசையமைத்த நௌஷாத் லக்னோவில் பிறந்தவர். பாட்டெழுதிய ஷகீல், பதாயூனைச் சேர்ந்தவர். நாட்டியம் அமைத்த லச்சு மகராஜோ வாஜித் அலி ஷாவின் ஆஸ்தானத்தில் கதக் வளர்த்த குடும்பத்தின் வாரிசு. 1856இல் ஆங்கிலேயர் அந்த நவாபைப் பட்டத்திலிருந்து இறக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பிய பிறகு, அந்தக் குடும்பத்துக் கலைஞர்கள் ராம்பூர், ராய்கர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகத் திரிந்தே தங்கள் வித்தையைக் காத்தனர். கோகுலத்துப் பெண்ணாக முக்காட்டை நுனிவிரலால் பிடித்து, கண்ணால் மட்டும் அபிநயித்து மதுபாலா ஆடும் அந்தச் சிறு நாட்டியத்தில் லக்னோ கரானாவின் ஒரு நூற்றாண்டுப் பயிற்சி பேசுகிறது. விதானக் கண்ணாடிக்குக் கொடுத்த உழைப்பைப் பாட்டுக்கும் கொடுத்தார்கள். ஷீஷ் மஹல் பாட்டின் பல்லவி அமைவதற்காக நௌஷாதும் ஷகீலும் ஓர் இரவு முழுவதும் எழுதி எழுதிக் கிழித்தார்கள் என்றும், கடைசியில் கீழை உத்தரப் பிரதேசத்து நாட்டுப்பாட்டு ஒன்றின் சாயல்தான் வழிகாட்டிற்று என்றும், பாட்டில் எதிரொலி வேண்டியதற்குக் கருவி இல்லாமையால் லதா மங்கேஷ்கரை ஸ்டூடியோவின் குளியலறையில் நிறுத்திப் பாடவைத்தார்கள் என்றும் கூறுவர்.

படம் தொடங்கும்போது ஹிந்துஸ்தானத்தின் வரைபடம் எழுந்து, நானே ஹிந்துஸ்தானம் என்று தன் குரலில் பேசுகிறது. தன்னை நேசித்தவர்களில் ஒருவர் என்று அக்பரை அறிமுகம் செய்கிறது. பிரிவினையின் ரத்தம் காய்ந்து பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் எழுந்த குரல் அது என்பதை நினைவில் வைத்துக் கேட்கவேண்டும். பின்னர் பிருத்விராஜ் கபூர் பிள்ளை வரம் வேண்டி, கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு நடந்து வருகிறார். ராஜஸ்தானத்துப் பாலையில் அவர் மெய்யாகவே செருப்பில்லாமல் நடந்து கால் கொப்புளித்ததாகச் சொல்வார்கள். சரித்திரத்திலும் அக்பர் நடந்தார்: 1569இல் சலீம் பிறந்த பிறகு, நேர்ந்துகொண்டபடி 1570இன் தொடக்கத்தில் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை கால்நடையாகவே சென்று காணிக்கை செலுத்தினார். படத்தில் பிரார்த்தனையாக வருவது சரித்திரத்தில் நன்றிக்கடன். அந்தத் தந்தையே, மன்றாடிப் பெற்ற மகனுக்கு மரண தண்டனை விதிக்கும் இடத்துக்கு வந்துசேர்கிறார். இந்தக் காரணத்தால் படத்தின் உண்மையான நாயகன் அக்பரே என்று நான் கருதுகிறேன். மாபெரும் மொகலாயர் என்று பொருள்படும் பெயரும் அவருக்கேற்பத்தான் சூட்டப்பட்டிருக்கிறது. முடிவில், சுவரெழுப்பிப் பூசும் வதந்தியை ஆஸிஃப் மாற்றிவிட்டார். முன்னொருகால் அனார்கலியின் தாய்க்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற, அக்பர் அவளைச் சுரங்க வழியாகத் தப்பவிட்டு, அவள் செத்தாளென்றே உலகமும் சலீமும் நம்பும்படி செய்கிறார். உயிர் கொடுத்தவரைக் கொடியவரென்று சரித்திரம் பழிக்கட்டும் என்று ஏற்றுக்கொள்ளும் அந்த அக்பரை, ஃபிஞ்ச் கேட்ட ஊர்ப்பேச்சுக்கு ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

போர்க்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2,000 ஒட்டகங்கள், 400 குதிரைகள், 8,000 ஆட்கள் என்று கணக்குச் சொல்வார்கள். வீரர்களில் பலர் இந்தியப் படையின் ஜெய்ப்பூர்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கவாலிப் போட்டியின் முடிவில் வென்ற எதிர்க்கட்சிப் பெண் பஹாருக்கு ரோஜாவையும், தோற்ற அனார்கலிக்கு முட்களையும் சலீம் நீட்ட, அவள் அந்த முட்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கும் அரை நிமிடத்துக்கு அந்தப் பெரும்படை ஈடாகாது. சிறைக் காட்சிகளில் மதுபாலாவின் மேல் பூட்டிய சங்கிலிகள் கனத்த இரும்பால் ஆனவை. தோலை உராய்ந்த அந்தச் சங்கிலிகளைச் சுமந்தபடி நடித்த அந்த அம்மையார், படம் வெளியாகி ஒன்பது ஆண்டுகளுக்குள், 1969இல், முப்பத்தாறே வயதில் இருதய நோயால் மறைந்தார்.

படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. இடையில் வர்ணப்படம் வந்துவிட, ஷீஷ் மஹல் பாட்டு முதலிய சில பகுதிகளை மட்டும் டெக்னிகலரில் எடுத்த ஆஸிஃப், அவற்றின் அழகைக் கண்டு மயங்கி, முழுப் படத்தையும் திரும்ப வர்ணத்தில் எடுக்கத் துணிந்தார். பல ஆண்டு பொறுத்த விநியோகஸ்தர்கள் அதற்கு இசையவில்லை. அவருடைய அந்த ஆசையைக் கணிப்பொறிகள் 2004இல் நிறைவேற்றின. 1965 முதல் இந்தியப் படங்களுக்குக் கதவடைத்திருந்த பாகிஸ்தானில், 2006இல் தனி அனுமதி பெற்று லாகூர்த் திரையரங்கிலேயே அந்த வர்ணப் பிரதி ஓடியது. ஆஸிஃப் அவற்றைக் காணவில்லை. ‘லவ் அண்ட் காட்’ என்ற அடுத்த படத்தை முடிக்காமலே 1971இல் காலமாகிவிட்டார்.

கடைசியாகச் சொல்லவேண்டியது மொழியைப் பற்றி. அக்பருடைய ஆஸ்தான மொழி பாரசீகம். படத்தில் அவர் பேசுவதோ தில்லியும் லக்னோவும் இரண்டு நூற்றாண்டுக் காலம் இழைத்து மெருகேற்றிய உருது. அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்ஸா, எஹ்ஸான் ரிஸ்வி ஆகிய எழுத்தாளர்கள் ஆஸிஃபோடு சேர்ந்து அமைத்த அந்த வசனத்தில், தந்தை மகனைக் கடிந்துகொள்ளும் வாக்கியங்கூட ஈற்றில் ஒரு கவிதையின் தாளத்தோடு விழுகிறது. சூரத் ஜரிகையையும் ஃபிரோஸாபாத் கண்ணாடியையும் போல அதுவும் ஒரு கைவேலை. இந்தப் படத்தை ஹிந்துஸ்தானியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடவேண்டுமென்று விரும்பி, ஒரே காட்சியை மும்மொழிக்கும் உதட்டசைவு பொருந்துமாறு தனித்தனியே எடுத்திருந்தார் ஆஸிஃப். ‘அக்பர்’ என்ற பெயரில் 1961இல் தமிழ்ப் பிரதி வெளியாயிற்று. அதற்குக் கம்பதாசன் எழுதினார், பி. சுசீலா பாடினார். கண்ணாடி மாளிகை அப்படியே வந்தது, நகைகள் வந்தன, ஒட்டகங்களும் வந்தன. ஆனால் தமிழில் அரசவை வசனம் என்றால் அந்நாளைய ரசிகனுடைய செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது ‘மனோகரா’வும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னும். தன் மொழிக்கே உரிய சந்தத்தில், தன் நடிகரின் சொந்தக் குரலில் சிங்கநாதம் கேட்டுப் பழகியவனுக்கு, பிருத்விராஜின் உதட்டுக்குப் பொருத்தி அளந்து எழுதிய தமிழ் உயிரற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. படம் இங்கே ஓடவில்லை. தமிழ்ப் பிரதிக்கு நேர்ந்த கதியைக் கண்ட ஆஸிஃப், ஆங்கிலப் பிரதியை வெளியிடும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.